இரு சீமோன்களும் ஒரு சிலுவையும்

“என்ன செய்யிறது சுவாமி, இது ஆண்டவர் எனக்குத் தந்த சிலுவை.”

இவ்வார்த்தையைக் கேளாத குருவானவர் நம் பங்குகளில் இருக்க முடியாது. நீரிழிவு நோய் கண்டவர் இதைச் சொல்கிறார். மகளுக்குச் சம்பந்தம் சரிவராத தகப்பன் சொல்கிறார். வெறியில் வந்து அடிக்கும் கணவனோடு இருபது வருடம் சீவித்த பெண்ணும் இதையே சொல்கிறாள். காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் பந்தலில் இருக்கும் தாயும் இதையே சொல்கிறாள். பக்கத்துக் காணிக்காரனோடு வேலிச் சண்டை வந்தாற்கூட நமக்கு அது சிலுவைதான்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் ஆண்டவர் சிலுவையைப்பற்றிப் பேசியபோது இவையெல்லாவற்றையும்தான் மனத்தில் வைத்துப் பேசினாரா? இது வேதசாஸ்திரம் படித்தவர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. அடிபடும் அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன புத்தி சொல்லப்போகிறோம், அந்தத் தாயின் அருகே போய் இருப்போமா அல்லது வீதியின் மறுபக்கத்தால் போய்விடுவோமா என்பதெல்லாம் இக்கேள்விக்கு நாம் தரும் விடையிலேயே தங்கியிருக்கின்றன. ஆகவே மாற்கு எழுதிய நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை எடுத்து, 27ஆம் வசனத்திலிருந்து ஆறுதலாகப் படிப்போம்.

இடம் செசரேயா பிலிப்பு. கலிலேயாவுக்கு வடக்கே, எர்மோன் மலையடிவாரத்தில், யோர்தான் ஆற்றின் ஊற்றுக்களுள் ஒன்று பாறையிலிருந்து புறப்படும் பகுதி அது. பான் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் குகை அங்கே இருந்தது. பெரிய ஏரோது தன் எசமானாகிய அகுஸ்து இராயனுக்கு அவ்விடத்தில் வெண்கல்லால் ஒரு கோவில் கட்டினான். அவன் மகன் பிலிப்பு ஊரைப் பெருப்பித்து, இராயனின் பட்டப்பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குச் சூட்டினான். மனிதனைத் தேவனாக்கி வணங்கிய அந்த ஊர்ப்பக்கத்து வழியில்தான், தம்மை யாரென்று சொல்கிறீர்கள் என்று இயேசு சீடர்களைக் கேட்கிறார். சீமோன் இராயப்பர் தயங்காமல் அவர் மெசியா என்கிறார்.

விடை சரியானது. ஆனால் விடை சொன்னவர் மனதில் இருந்த மெசியா வேறு. அதனால்தான் அதே மூச்சில், மனுமகன் பல பாடுகள் படவும், மூப்பராலும் தலைமைக் குருக்களாலும் மறைநூல் வல்லுநராலும் தள்ளப்பட்டுக் கொலையுண்டு மூன்று நாளின் பின் உயிர்க்கவும் வேண்டும் என்று ஆண்டவர் முதன்முறையாக ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறார். உடனே இராயப்பர் அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்ளத் தொடங்குகிறார். குருவைச் சீடன் ஒதுக்குப்புறமாகக் கூட்டிச்சென்று புத்தி சொல்லும் காட்சியைச் சற்று எண்ணிப்பாருங்கள்! அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நேசத்தினாலேயே செய்தார். நம்முடைய தாய் தகப்பனும் பிள்ளைகளின் நன்மைக்கென்றுதானே பல நல்ல காரியங்களைத் தடுத்துவிடுகிறார்கள்.

இயேசு திரும்பி, மற்றச் சீடர்களையும் பார்த்தபடி, இராயப்பரைச் சாத்தான் என்று அழைத்துத் தமக்குப் பின்னாலே போகச் சொல்லுகிறார். நம் பழைய மொழிபெயர்ப்புக்களில் இது துரத்திவிடும் வார்த்தையாகவே ஒலிக்கும். மூலமொழியாகிய கிரேக்கத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். ‘ஒப்பீசோ மூ’ என்பது அங்குள்ள சொல். “எனக்குப் பின்னால்” என்பதே அதன் பொருள். கடற்கரையில் வலை வீசிக்கொண்டிருந்த சீமோனையும் அவர் சகோதரரையும் இயேசு முதன்முதல் அழைத்தபோது (மாற். 1:17) சொன்னதும் இதே சொல்தான். கடிந்துகொண்ட அடுத்த வசனத்திலேயே, தமக்குப் பின்னால் வர விரும்புகிறவன் செய்யவேண்டியவற்றைச் சொல்லும்போதும் (8:34) இச்சொல்லையே வைக்கிறார். ஆகவே அந்தக் கடிந்துரையில் ஓர் அழைப்பும் இருக்கிறது. சீடனின் இடம் குருவுக்குப் பின்னால். இராயப்பர் முன்னுக்கு வந்து வழியை மறித்தார். பழைய இடத்துக்குத் திரும்பும்படி அவருக்குக் கட்டளையாகிறது.

இதன்பின் ஆண்டவர் சொல்வதை யாருக்குச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். பன்னிருவருக்கு மட்டுமல்ல. கூட்டத்தையும் கூப்பிட்டுச் சொல்கிறார் என மாற்கு குறிப்பிடுகிறார். துறவறத்தாருக்கும் கன்னியருக்கும் உரிய உபதேசம் இதென்று ஒதுங்க நமக்கு இடமில்லை.

மூன்று காரியங்கள் கேட்கப்படுகின்றன. முதலாவது தன்னையே மறுத்தல். தபசுகாலத்தில் இறைச்சியை விடுவதும் சிகரெட்டை நிறுத்துவதும் நல்லவைதான். ஆயினும் இங்கே உள்ள வினைச்சொல், பின்னர் பிரதான குருவின் முற்றத்தில் இராயப்பர் இயேசுவை அறியேன் என்று ‘மறுத்ததை’ முன்னறிவிக்கும் இடத்தில் வரும் அதே சொல் (14:30). அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று ஆணையிட்டுச் சொல்வதுதான் மறுதலிப்பு. தன்னையே மறுப்பவன் தன் பெருமை, தன் குலம், தன் பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்து, உங்களை எனக்குத் தெரியாது என்கிறான். அன்றிரவு நெருப்பண்டையில் இராயப்பர் இரண்டில் ஒருவரை மறுத்தே ஆகவேண்டியிருந்தது. தம்மை மறுக்க முடியாமற் போனபடியால் ஆண்டவரை மறுத்தார்.

இரண்டாவது சிலுவையை எடுத்தல். இங்கேதான் நாம் அதிகம் நிற்க வேண்டும். நாம் சிலுவையைப் பொன்னிற் செய்து கழுத்தில் போடுகிறோம். இயேசுவைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கோ அது உரோமை அரசின் தூக்குமரம். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவு. ஸ்பார்த்தாக்கு என்பவன் தலைமையில் எழுந்த அடிமைகளின் கலகம் கி.மு. 71இல் முறியடிக்கப்பட்டபின், கப்புவாவிலிருந்து உரோமை வரையுள்ள பெருவழி நெடுக ஏறக்குறைய 6000 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். பெரிய ஏரோது மாண்ட கி.மு. 4ஆம் ஆண்டில் யூதேயாவில் எழுந்த குழப்பத்தை அடக்கிய வாறு என்னும் தேசாதிபதி, சுமார் 2000 பேரைச் சிலுவையில் ஏற்றினான் என்று யூத சரித்திராசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். இயேசுவின் சொற்களைக் கேட்ட கூட்டத்தில் இருந்த கிழவர்களுக்கு அது இளமைக்காலத்துச் செய்தி. தண்டனை பெற்றவன் சிலுவையின் குறுக்குமரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, சனங்கள் பார்க்க, தெருவழியே கொலைக்களம் வரை நடக்கவேண்டும். சிலுவையை எடுத்தவன் என்றால், அரசும் ஊரும் தள்ளிவிட்ட ஒருவன் என்பதே அவர்கள் அறிந்த பொருள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஆண்டவர் பேசிய சிலுவை, அவருக்குப் பின்னால் நடப்பதனால் ஒருவன்மேல் வந்து விழும் விலை. அதை ‘எடுக்க’ வேண்டும் என்கிறார். எடுக்காமல் விட்டுவிடவும் முடியும். நீரிழிவை அப்படி எடுக்காமல் விடலாமா? கூரை ஒழுகுவதை விடலாமா? இவை மனிதனாய்ப் பிறந்த எல்லாருக்கும், அவிசுவாசிக்கும்கூட, வருபவை.

நம் ஊர்களிலே அந்த விலை எப்படிப்பட்டது என்று கேட்டால், தூரம் போகத் தேவையில்லை. ஒரு படித்த வாலிபன், சீதனமும் வேண்டாம் டொனேசனும் வேண்டாம், பெண்ணைத் தாருங்கள் போதும் என்கிறான். அன்று தொடக்கம் வீட்டில் தாய் பேசமாட்டாள், மாமன்மார் ஏளனம் செய்வார்கள், மாப்பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கவேண்டும் என்று பெண்வீட்டாரே சந்தேகப்படுவார்கள். இது சிலுவை. கோவில் திருநாளில் இன்ன சாதியார் இன்ன இடத்தில் என்ற பழைய ஏற்பாட்டை (நான் சொல்வது வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டையல்ல!) எதிர்த்து ஒருவர் எழுந்து நிற்கிறார், அடுத்த பங்குச் சபைத் தெரிவில் அவர் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார். இதுவும் சிலுவை. கந்தோரில் கள்ளக் கணக்குக்குக் கையொப்பமிட மறுத்து இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனவரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவர்களில் எவரும் இதை ஆண்டவர் தந்த சிலுவை என்று சொல்வதை நாம் அநேகமாகக் கேட்பதில்லை. சிலுவை என்ற சொல்லை நாம் வேறு காரியங்களுக்குச் செலவழித்துவிட்டோம்.

மூன்றாவது, பின்தொடர்தல். முதலிரண்டு வினைச்சொற்களும் ஒரு முறை துணிந்து செய்வதைக் குறிக்க, இது மட்டும் தொடர்ந்து செய்துகொண்டே இருப்பதைக் குறிக்கும் வடிவில் இருக்கிறது. லூக்கா இன்னும் தெளிவாக்கி, சிலுவையோடு நாள்தோறும் என்ற சொல்லைச் சேர்க்கிறார் (9:23).

சீடர்கள் விளங்கிக்கொண்டார்களா? இல்லை. தம் பாடுகளை ஆண்டவர் இரண்டாம் முறை சொன்னதும் (9:31) தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாதாடினார்கள். மூன்றாம் முறை சொன்னதும் (10:33) யாகப்பரும் அருளப்பரும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்டு வந்தார்கள். மத்தேயு எழுதியபடி கேட்டவள் அவர்களின் தாய். அவளை நம் தாய்மார் நன்றாக விளங்கிக்கொள்வார்கள். கொல்கொத்தாவில் இயேசுவுக்கு வலத்திலும் இடத்திலும் இருந்தவர்கள் யாரென்று மாற்கு பின்னர் சொல்லுகிறார்: இரு கள்வர்கள்.

இனி, இவ்வளவும் சொன்னபின் ஒரு வாசகர் கேட்கலாம்: அப்படியானால் என் வருத்தம் சிலுவையில்லையா, அதற்கு ஒரு பெறுமதியும் இல்லையா என்று. நியாயமான கேள்வி. நற்செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். குணமாக்கும்படி கேட்டு வந்த நோயாளி ஒருவனிடமாவது, இதை உன் சிலுவையாக வைத்துக்கொள் என்று இயேசு சொல்லி அனுப்பியதில்லை. அவர் குணமாக்கினார். தாமும் கெத்சமனியில், முடியுமானால் பாத்திரம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடினார். ஆகையால் மருந்து எடுப்பதும், வைத்தியரைத் தேடுவதும், துன்பம் நீங்க நேர்த்தி வைப்பதும் விசுவாசக் குறைவல்ல. நீங்காத துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கலாம் என்பதும் திருச்சபையின் உறுதியான போதனை. புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984 பெப்ரவரி 11இல் மனிதத் துன்பத்தின் பொருளைப்பற்றி ஒரு திருமடல் எழுதினார். அதில் இதை விரிவாகச் சொன்ன அவர், நல்ல சமாரியன் உவமையையும் அங்கே எடுத்துக்கொள்கிறார். துன்பத்தால் நன்மை செய்வதும் துன்புறுவோனுக்கு நன்மை செய்வதும் கிறிஸ்து ஒருங்கே கற்பித்தவை என்பதே அவர் கருத்து. ஒன்றைப் பிரசங்கித்து மற்றதை மறந்தால் அரைவாசி நற்செய்திதான் மிஞ்சும்.

ஆகவே அடிபடும் அந்தப் பெண்ணின் காரியத்துக்கு வருகிறேன். கணவன் அடிப்பது அவளுடைய சிலுவை அல்ல, அவனுடைய பாவம். பொறுத்துக்கொள் பிள்ளை, சிலுவை சுமந்தாற்றான் மோட்சம் என்று அவளைத் திருப்பி அனுப்புகிற பெரியம்மாவும் குருவானவரும் ஆண்டவரின் சொல்லை ஆண்டவருக்கு எதிராகவே உபயோகிக்கிறார்கள். திருச்சபைச் சட்டமும் இவ்வாறு பேசவில்லை. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் 1153ஆம் இலக்கம், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆத்துமத்திலோ பெரும் ஆபத்தை விளைவிக்கும் ஒருவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயம் உண்டு என்கிறது. பாப்பரசர் பிரான்சிசு 2016இல் குடும்ப அன்பைப்பற்றி எழுதிய திருமடலில் (இலக்கம் 241), சில வேளைகளில் இப்படிப் பிரிதல் ஒழுக்க முறையில் அவசியமாகவும் ஆகலாம் என்று கூறுகிறார். திருமணப் பிணைப்பு அறுவதில்லை என்பது உண்மை. அடிக்கும் கைக்குக் கீழேயே இருக்கவேண்டும் என்பது அந்த உண்மையோடு சேர்ந்ததல்ல.

இராயப்பர் பெயரால் வரும் முதல் நிருபத்தை இதற்கு எதிராகக் காட்டுவோர் உண்டு. அதன் இரண்டாம் அதிகாரத்தில் வீட்டு அடிமைகளைப் பார்த்து, கிறிஸ்து உங்களுக்காகப் பாடுபட்டு ஒரு முன்மாதிரி வைத்துப்போனார், அவர் அடிச்சுவட்டில் செல்லுங்கள் என்ற கருத்தில் எழுதப்பட்டுள்ளது (2:21). பிற்காலத்தில் அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவ எசமான்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக வாசித்தது கிறிஸ்தவ சரித்திரத்தில் ஒரு வெட்கம். நிருபமோ அந்த அடியை அநீதி என்றே பெயர் சொல்லி அழைக்கிறது (2:19). தப்பிப்போக வழியே இல்லாத மனிதரிடம், அநீதி உங்களை அநீதராக்க விடாதீர்கள் என்று பேசுகிறது.

அங்கே ‘முன்மாதிரி’ என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல் அழகானது. ‘ஹிப்போகிராமொஸ்’. சிறுபிள்ளை எழுதிப் பழகுவதற்காக ஆசிரியர் எழுதிக்கொடுக்கும் எழுத்துவரி அது. நம் ஊரில் ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘ஆனா’ எழுதுவிப்பதையும், பின்பு சிலேற்றில் ஆசிரியர் எழுதிய எழுத்தின்மேலேயே பிள்ளை திரும்பத் திரும்ப எழுதுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கோடு கோணலாய்த்தான் போகும். இயேசு வைசப்பட்டபோது பதிலுக்கு வையவில்லை என்று அந்த நிருபம் தொடர்கிறது. இசையாஸ் தீர்க்கதரிசி பாடிய துன்புறும் ஊழியனின் சாயல் அவ்வசனங்கள் முழுவதிலும் இருக்கிறது. ஒருநாள் குருவின் முன்னே போய் வழிமறித்தவரின் பெயரிலேயே, அடிச்சுவட்டைப் பார்த்து நடவுங்கள் என்ற புத்திமதி நமக்கு வருகிறது!

அந்த எழுத்தின்மேல் நம் நாட்டில் எழுதியவர்களில் ஒருவரைக் காட்டவேண்டுமானால் புனித யோசேவ் வாஸ் முனிவரைக் காட்டலாம். கோவாவில் பிராமண வம்சத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து, யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரனாய், கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாய்த் திரிந்து மறைந்திருந்த கிறிஸ்தவர்களைக் கண்டுபிடித்தார். சாதி எவ்வளவு கனமானது என்று தெரிந்தவர்களுக்கே அந்த வேடத்தின் விலையும் தெரியும். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரை உற்றாரே கைவிட்டு ஓடினார்கள். வாஸ் முனிவர் ஓடவில்லை. குடிசைகள் அமைத்து, கைவிடப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்துக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தார். இன்ன மதத்தார் என்று பார்க்கவில்லை. அம்மை நோயாளிக்கு அது சிலுவை அல்ல, நோய். ஓடிப்போகச் சுதந்திரம் இருந்தும் நின்றாரே, அவருக்கு அது சிலுவை. 1711 சனவரி 16இல் கண்டியில் மரித்த அவரை, 2015 சனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிசு புனிதராக அறிவித்தார். நம் காலத்திலும், 2009இல் வன்னியில் இறுதிவரை மக்களோடிருந்து, அவ்வாண்டு மே 18இல் உயிர்நீத்த அருட்தந்தை சரத்ஜீவனைப் போன்றவர்களை நாம் அறிவோம்.

பெரிய வெள்ளிக்கு முன் நம் கோவில்களிலும் வீடுகளிலும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறோம். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் அதை இயற்றி ஏறக்குறைய முந்நூறு வருடமாகிறது. அந்த இராகம் கேட்டவுடன் கண் கலங்காதவர் நம்மில் குறைவு. கலங்கட்டும். ஆனால் எருசலேம் வீதியில் அழுத பெண்களிடம் ஆண்டவர், தமக்காக அழாமல் தங்கள் பிள்ளைகளுக்காக அழும்படி சொன்னாரே. பிள்ளையைத் தேடும் தாய்மாரின் பந்தல் அருகே, அவரவர் பங்கின் சிலுவைப்பாதை ஒருநாளாவது நின்று ஒரு தலத்தைச் செபித்துப் போகக்கூடாதா? தேடுவதை விட்டுவிடு, இது உனக்குக் கிடைத்த சிலுவை என்று அவர்களிடம் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது.

கடைசியாக ஐந்தாம் தலத்தில் நிற்போம். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னால் வா என்ற சொல்லை முதன்முதல் கேட்ட சீமோன் அன்று அங்கே இல்லை. வேறொரு சீமோன் வருகிறான். வட ஆபிரிக்காவின் சிரேனே ஊரான், வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவன். படைவீரர் பிடித்துப் பலவந்தப்படுத்தினார்கள். அவன் சீடனுமல்ல, விரும்பி வந்தவனுமல்ல. ஆயினும் இயேசுவுக்குப் பின்னால் சிலுவையைச் சுமந்தான் என்று லூக்கா எழுதும்போது (23:26), அந்தப் ‘பின்னால்’ என்ற சொல்லை மறக்காமல் வைக்கிறார். தேடாமல், கேட்காமல், பிறர் பலவந்தத்தால் தோளில் ஏற்றப்பட்ட பாரத்தோடு இருக்கும் எத்தனையோ பேருக்கு இந்தச் சீமோன்தான் துணை. பாரம் ஏற்றியவர்களின் செயல் நியாயமென்று எந்த நற்செய்தியாளரும் சொல்லவில்லை. அந்தப் பாரத்தோடு அவன் யாருக்குப் பின்னால் நடந்தான் என்பதையே எழுதி வைத்தார்கள்.

அவன் பிறகு என்னவானான்? மாற்கு ஒரு சிறு குறிப்புத் தருகிறார்: அவன் அலெக்சாந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன் (15:21). வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திராவிட்டால் பெயர் சொல்லவேண்டிய தேவையில்லை. மாற்கு தம் நற்செய்தியை உரோமையில் எழுதினார் என்பது பழைய பாரம்பரியம். உரோமைச் சபைக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் சின்னப்பர், ரூபு என்ற ஒருவருக்கும், தமக்கும் தாயாக இருந்த அவர் தாய்க்கும் வாழ்த்துச் சொல்கிறார். அதே ரூபுதான் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இன்றிரவு செபமாலைக்குப்பின் பிள்ளைகளில் ஒருவரை உரோமையர் 16ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.